பூசத்தில் எண்ணிய தலைகள்

வழிமொழிகிறேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டும், ஒரே ஒரு வார்த்தை, நாச்சிமுத்து அண்ணன் நேற்றுப் பொழுதோட வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், நான் முன்மொழிவேன் அம்மணி, வழிமொழிய யாருன்னு செயல் அலுவலர் கேப்பாரு, நீ எந்திரிச்சுப் பேரைச் சொல்லி, வார்டைச் சொல்லி, வழிமொழிகிறேன்னு சொல்லிட்டு உக்காந்துக்க, வேற பேசவெல்லாம் வேண்டாம் என்று. சரிங்கண்ணா என்றேன். என்ன தீர்மானம் என்றுகூடக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் பாதயாத்திரைக் குழுவுக்கு அவர்தான் குருசாமி, அவர் நட என்றால் நடப்போம், உட்கார் என்றால் உட்காருவோம், அதற்குக் காரணம் கேட்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. இப்போது இந்தச் சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருக்கிறேன், உருட்ட உருட்ட அது பெரிதாகிறது. நேற்றோ முந்தாநாளோ இங்கே கல்யாணம் நடந்திருக்கிறது, சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை, மேடைச் சுவரில் ஒட்டிய தெர்மாகோல் எழுத்தைப் பிய்த்தவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள், பிரியதர்ஷினியில் தர்ஷினி மட்டும் ஜிகினாவோடு மிச்சம் இருக்கிறது. அதன் மேலேயே வெளிச்சத்தை விட்டு எங்கள் ஊரின் படத்தைக் காட்டுகிறார்கள். மேலே ஒரு வரி, நடைபாதை மற்றும் மிதிவண்டிப் பாதை மேம்பாட்டுத் திட்டம், அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது, எட்டாவது வரைக்கும் படித்த கண்ணுக்கு இந்த வேகம் போதாது. பேரூராட்சிப் பொறியாளர் ஒரு சின்னப் பெண், காங்கயத்தில் கட்டிக்கொடுத்த என் மகளின் வயதுதான் இருக்கும், கையில் ஒரு சிவப்புப் புள்ளி விளக்கை வைத்துக்கொண்டு சுவரில் கோலம் போடுகிற மாதிரி இழுத்து இழுத்துக் காட்டுகிறாள், இது பழனி ரோடு, இது மில் ரோடு, நம்ம பேரூராட்சியில நடக்கிறவங்களும் சைக்கிள்ல போறவங்களும் இந்த ரெண்டு ரோட்டுலதான் அதிகம் கஷ்டப்படுறாங்க என்கிறாள். நல்ல பெண். கஷ்டப்படுறாங்க என்று சொல்லத் தெரிகிறதே, அதற்கே ஒரு நன்றி முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் இரண்டு ரோட்டுக்கும் பாதை வரும் என்று நினைத்துத்தான் வந்தேன். பழனி ரோட்டுக்கு வந்தால் சாமிக்கு, மில் ரோட்டுக்கு வந்தால் என் மருமகளுக்கு, முருகன் இரண்டு கையாலும் கொடுக்கப் போகிறான் என்று காலையில் விளக்கேற்றும்போதே தோன்றிவிட்டது, தோன்றியதை அப்படியே நம்பிவிடுகிற சுபாவம் எனக்கு, அதனால் பெரிதாகக் கெட்டுப் போனதும் இல்லை. ஆனால் அந்தப் பெண் இப்போது சொல்கிறாள், இந்தத் தடவை ஒரு ரோட்டுக்குத்தான், இன்னொன்று அடுத்த திட்டத்தில் பார்க்கலாம், அது அஞ்சு வருஷமும் ஆகலாம் என்று. சொல்லிவிட்டு இரண்டு கட்டம் காட்டினாள். மூன்று நாள் சேர்த்து எந்த ரோட்டில் எத்தனை பேர் காலாலும் சைக்கிளிலும் போகிறார்கள் என்று எண்ணினார்களாம். பழனி ரோட்டுக் கட்டம் தர்ஷினியைத் தாண்டி மேற்கூரைக்குப் போகிறது, ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. மில் ரோட்டுக் கட்டம் என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, எண்பத்தேழு. எண்பத்தேழா. முன் வரிசையில் நாச்சிமுத்து அண்ணன் திரும்பி எங்கள் குழுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவர் முகத்தில் காவடி ஏறுகிற நேரத்து வெளிச்சம். பச்சைத் துண்டு போட்ட முப்பத்தெட்டுப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம், நானும் நிமிர்ந்தேன், பழக்கம்தானே, நிமிர்ந்த பிறகுதான் எண்பத்தேழு என்கிற எண் முள் மாதிரி ஏறிற்று. எண்பத்தேழு எப்படிச் சரியாகும், என் மருமகள் கோமளா போன வாரம்தானே சொன்னாள், அத்தைங்க, காலை ஷிப்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனா சைக்கிளை நிறுத்த எடமில்லை, ஒண்ணு மேல ஒண்ணு சாத்தி வெச்சிருக்கறாங்க என்று. எண்பத்தேழு சைக்கிளுக்கா இடமில்லாமல் போகும், அது எத்தனை பெரிய மில். மேலே மின்விசிறி டக்கு டக்கு என்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தட்டுகிறது, அதையும் எண்ண ஆரம்பித்துவிட்டேன், பதினேழு வந்தபோது நிறுத்தினேன், நான் இங்கே விசிறியை எண்ண வரவில்லை.

கோமளா கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் விழுந்தாள். மில் ரோட்டில் தார் ஒரு நாலு விரற்கடை உயரம், அதற்குக் கீழே மண், ஓரமே கிடையாது, பின்னால் பஞ்சு லாரி வந்து ஆரன் அடித்திருக்கிறான், இவள் ஒதுங்கினாள், சக்கரம் தாரிலிருந்து மண்ணில் இறங்கியதும் வழுக்கி அப்படியே சீமைக் கருவேல முள்ளுக்குள். லாரிக்காரன் நிற்கவில்லை, நின்றிருந்தால் என்ன செய்திருப்பான், அவனும் யார் பெற்ற பிள்ளையோ. உள்ளங்கையில் பதினொரு முள், நான்தான் ஊசியை அனலில் காட்டி ஒவ்வொன்றாக எடுத்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை அவளிடம், அத்தைங்க, சைக்கிள் வீலு கோணலாகலைதானுங்களே என்று அதைத்தான் கேட்டாள். என் பையன் குமரவேல் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியோடு வடக்கே எங்கேயோ இருக்கிறான், லாரி ஓட்டுகிறவன், அன்றைக்குப் போனில் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, அம்மா, மேல உக்காந்து ஓட்டறவனுக்கு இடது பக்கம் ஒட்டி வர்ற சைக்கிள் தெரியவே தெரியாது, நானே எத்தனை பேரைப் பார்க்காமத் தாண்டியிருக்கறனோ, அவளை நிப்பாட்டிருங்க. அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. எந்த ஊரில் எந்தத் தாய் பெற்றவளை இவன் பார்க்காமல் தாண்டினானோ என்று நானும் நினைத்தேன், அன்றிலிருந்து கோமளாவுக்காக வேண்டும்போது முன்பின் தெரியாத அந்தப் பெண்களையும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். சித்திரை நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறான். அதுக்குள்ள அந்த ரோட்டுக்கு ஏதாவது பண்றாங்கன்னா போகட்டும், இல்லீன்னா வீட்ல இருக்கட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டான். கோமளா பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள், மில்லுக்குப் போனா பத்தாம் நம்பர் மெஷின் கோமளாங்கறாங்க, வீட்ல இருந்தா உங்க மருமக, நீங்க நல்லவங்கதான், ஆனா எனக்கு ரெண்டும் வேணுமுங்க. என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை, நானும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. பாதை வருதுன்னு தெரிஞ்சாப் போதும் அத்தைங்க, அது வர்ற வரைக்கும் அந்த எடத்துல எறங்கித் தள்ளிட்டே போயிக்கறேன் என்றாள். தள்ளிக்கொண்டுதான் போகிறாள் இப்போது, அதனால் பிந்துகிறது, மேஸ்திரி இரண்டு தடவை முகத்தைச் சுளித்துவிட்டாராம். விடியுமுன்னே அவள் கிளம்புகிறாள், நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நூற்றெட்டுச் சொல்லுவேன், அதற்குள் முள்ளுக்காட்டைத் தாண்டியிருப்பாள் என்று ஒரு கணக்கு, பிறகு கேட்டைச் சாத்திவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைப்பேன்.

இங்கே இப்போது சுவரில் அந்தக் கட்டம் அப்படியே நிற்கிறது, அந்தப் பெண் தண்ணீர் குடிக்கிறாள், படம் மாறவில்லை, மாறாததால் என் கண்ணுக்கு நேரம் கிடைத்து அடியில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துவிட்டது. கணக்கெடுப்பு நடந்த நாட்கள் என்று போட்டு மூன்று தேதி. எனக்கு இங்கிலீஷ் மாசத் தேதி சட்டென்று பிடிபடாது, விரல் விட்டுப் பார்த்தேன், நாங்கள் பூசத்துக்கு நடக்கக் கிளம்பியது இருபத்தெட்டாம் தேதி, அதற்கு முந்தின மூன்று நாள் அல்லவா இது, நீர்மோர்ப் பந்தல் போட்ட மூன்று நாள். கரூர்க்காரர்களும் ஈரோட்டுக்காரர்களும் காவடியும் பால்குடமுமாக ரோடு நிறைய எறும்பு மாதிரிப் போனார்களே, அந்த மூன்று நாள். எனக்கு அப்போதுதான் குடை ஞாபகம் வந்தது. பந்தலுக்குப் பத்தடி தள்ளி, ரங்கசாமி டீக்கடை ஓரம், பெரிய நீலக்குடை ஒன்றின் கீழே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், விரலில் எண்ணுகிற மெஷின், யார் போனாலும் டிக், யார் வந்தாலும் டிக். தேவஸ்தானத்து ஆட்கள், அன்னதானத்துக்குத் தலை எண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், நானேதான் நினைத்துக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை. நல்லா எண்ணுங்க கண்ணு, ஒருத்தரும் விட்டுப் போயிரக் கூடாது என்று வேறு சொன்னேன். என் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், பந்தல் இந்தப் பக்கம். வீட்டில் மோரைக் கடைந்து அண்டாவில் ஊற்ற ஊற்ற, நான் குடத்தில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவேன், டிக், வெறுங்குடத்தோடு திரும்புவேன், டிக், கறிவேப்பிலை மறந்துபோய் ஒரு நடை, டிக் டிக், உப்புப் பார்க்கச் சொல்லி ஒரு நடை. ஒரு நாளைக்கு முப்பது நடையாவது இருக்கும், போக முப்பது, வர முப்பது, அப்படி மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன், அவளும் சிரித்துக்கொண்டே அமுக்கினாள். முருகா, நான் ஒரே ஒரு மயிலாத்தாள், அந்தச் சுவரில் நூற்றெண்பது மயிலாத்தாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டதா. மோர் கடைந்தது யார். கோமளா. அவள் எப்படி வீட்டில் இருந்தாள். மில்லில் மெஷின் சர்வீஸ் என்று பூசத்தை ஒட்டி நாலு நாள் லீவு விட்டிருந்தார்கள், அதனால்தான் அவள் இருந்தாள், எனக்குக் குடம் கனக்கும்போதெல்லாம் குடுங்க அத்தைங்க என்று வாங்கிக்கொண்டு அவளும் ரோட்டைத் தாண்டினாள், அவளுக்கும் டிக். மில் ரோட்டில் எண்ணியிருக்க வேண்டியவளை, மில் பூட்டிக் கிடந்த நாளில், பழனி ரோட்டில் வைத்து எண்ணியிருக்கிறார்கள். மில் ரோட்டில் உட்கார்ந்து எண்ணியவர்களுக்கு ஆடு மேய்க்கிறவர்களும் வாட்ச்மேனும்தான் எண்பத்தேழு தலையாகக் கிடைத்திருப்பார்கள். யார் மேலும் தப்பில்லை, அந்தப் பெண்கள் எண்ணச் சொன்னதை எண்ணினார்கள், இந்தப் பெண் கொடுத்த எண்ணைச் சுவரில் போட்டாள், எண்ண ஆள் வைத்த வெளியூர்க் கம்பெனிக்காரனுக்குப் பூசம் எப்போது வரும் என்று யார் சொல்லியிருப்பார்கள். ஆனால் தப்புத் தப்புதான், அதில் என் காலும் இருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பக்கத்தில் தங்கமணி, எங்கள் குழுவில் எனக்கு அடுத்தபடி நடக்கிறவள், என்னக்கா என்றாள், ஒண்ணுமில்லை என்றேன். சிரிப்பு போன இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது, பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, மலையடிவாரத்தில் முதல் படியில் கால் வைக்கும்போது முழங்காலுக்குள் ஒரு யோசனை ஓடுமே அந்த மாதிரி. இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கணக்குத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வது. சொல்லாமல் எப்படி இருப்பது. வழிமொழிகிறேன். அந்த வார்த்தை இப்போது வாய்க்குள் உருளவில்லை, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நாச்சிமுத்து அண்ணன் எழுந்துவிட்டார். மைக் கொய்யென்று கத்தி அடங்கியது. அவர் நன்றாகத்தான் பேசுகிறார், தார் ரோடு கொதிக்கிற கொதியில் வெறுங்காலோடு வருகிற கிழவன் கிழவிகளை, ஓரத்து ஜல்லி குத்திக் கொப்புளம் உடைந்து உட்கார்ந்துவிடுகிறவர்களை, இடுப்புப் பிள்ளையோடு நடக்கிறவளை எல்லாம் ஒவ்வொருவராகச் சொல்கிறார், செங்கல் நிறத்தில் ஒரு கல் பாவி, வரிசையாக வேப்ப மரம் வைத்து, நூறடிக்கு ஒரு குழாய் போட்டால் அது போதும் என்கிறார், அவர் சொல்லச் சொல்ல என் கண்ணுக்கு அந்தப் பாதை தெரிகிறது, நான் அதில் நடக்கிறேன், எனக்கும் அந்தப் பாதை வேண்டும், யார் இல்லை என்றார்கள். இவர் எனக்குச் செய்தது கொஞ்சமா. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், மாலை போடுவதா வேண்டாமா என்று நான் மூலையில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டு வாசலில் வந்து நின்று, முருகன் என்ன சீட்டுப் பாத்தா உள்ள விடறான், கிளம்பு என்றார். முன்னால் வரக்கூடாது, காவடிக்கு எதிரில் நிற்கக்கூடாது என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள், தங்கமணியின் மாமியார் சத்தமாகவே சொன்னாள். இவர் என் கையில் வேல் ஒன்றைக் கொடுத்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார், நட அம்மணி என்றார். அன்றிலிருந்து பதினொரு வருஷமாக நான்தான் முன்னால். அந்த மனுஷன் கேட்ட ஒரே ஒரு வார்த்தை இது. அதைக் கொடுக்காமல் போனால் அடுத்த பூசத்துக்கு எந்த முகத்தோடு போய் மாலை போடுவேன், போடாமலும் எப்படி இருப்பேன். முருகா, உன் ரோட்டை வேண்டாம் என்று சொல்லப் போகிறேனா நான். அப்படி நினைத்ததும், ஏனோ, மனசு சட்டென்று நின்றது, சுற்றிச் சுற்றி வந்த மாடு கட்டுத்தறியில் நிற்கிற மாதிரி. அவனுக்கு எதற்கு ரோடு. அவன் மலை மேல் இருக்கிறான். அவனைப் பார்க்க வருகிறவர்களுக்கு பூசத்தை ஒட்டிய பத்து நாளும் போலீஸ்காரர்கள் ஒரு பக்கம் வண்டியை நிறுத்தி வழி விடுகிறார்கள். கோமளாவுக்கு யார் நிறுத்துகிறார்கள். அவனை நினைத்துக்கொண்டு நான் குடம் சுமந்த நடை, அவள் காலுக்கடியில் இருந்து ரோட்டைப் பிடுங்குவதற்கா போய்ச் சேர வேண்டும், அதை அவன் வாங்கிக்கொள்வானா, வாங்கிக்கொள்ள மாட்டான், எனக்கு அவனைத் தெரியும், ஐம்பத்தேழு வருஷமாகத் தெரியும். அப்படித் தோன்றியதும் முழங்காலுக்குள் ஓடிய யோசனை அடங்கிவிட்டது. கை தட்டுகிறார்கள். அண்ணன் பேசி முடித்துவிட்டார், உட்காராமல் நிற்கிறார், எனக்காகத்தான் நிற்கிறார். வழிமொழிய யாருங்க என்று செயல் அலுவலர் காகிதத்தைப் பார்த்து, மயிலாத்தாள், நாலாவது வார்டு என்று படிக்கிறார். எழுந்துவிட்டேன், நாற்காலி சேலையில் கொக்கி மாதிரி மாட்டியது, எடுத்துவிட்டுக்கொண்டேன், மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன், எனக்குச் சத்தம் போடத் தெரியும், அரோகரா போட்ட தொண்டை.

"மயிலாத்தாளுங்க, நாலாவது வார்டு. என்னால வழிமொழிய முடியாதுங்க. அந்தக் கணக்குல நான் ஒரு ஆளு இல்லீங்க, நூத்தியெண்பது ஆளு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நின்றபடியே குடையைச் சொன்னேன், மோர்க் குடத்தைச் சொன்னேன், மில் பூட்டியிருந்ததைச் சொன்னேன், கோமளா எந்த ரோட்டில் எண்ணப்பட்டாள் என்பதைச் சொன்னேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக வார்த்தை தானாக வந்தது, படி ஏறும்போது மூச்சு பழகிவிடுமே அப்படி. டீக்கடை ரங்கசாமி எழுந்து, எம்பட மச்சான் மூணு நாளும் அந்தக் கொடை முன்னாலயேதான் குறுக்கும் நெடுக்கும் நடந்து பீடி குடிச்சான், அவன் ஒருத்தனே ஒரு வார்டு சனத்தொகை இருப்பானுங்க என்றார், கூடமே சிரித்தது. அந்தப் பொறியாளர்ப் பெண் சிரிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய் அடியில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள், வெளிச்சம் அவள் முதுகில் விழுந்து பழனி ரோட்டுக் கட்டம் அவள் சட்டைமேல் ஓடியது. திரும்பி, மில்லுக்குப் போன் பண்ணிக் கேட்கிறேன் என்று வெளியே போனாள், கொஞ்ச நேரத்தில் வந்தாள், முகம் சிவந்திருந்தது. லீவுதான் என்றாள். வேலை நாளில், ஷிப்டு நேரத்தில், இரண்டு ரோட்டிலும் மறுபடி எண்ண வேண்டும் என்று செயல் அலுவலரிடம் சொன்னாள். எனக்குள் குளிர்ந்தது, அவ்வளவுதான், முடிந்தது, நன்றி முருகா என்று உட்காரப் போனேன். அப்போதுதான் அவள் நோட்டும் பேனாவுமாக என்னிடமே வந்தாள், நின்றபடியே கேட்டாள், மில் ரோட்டுல எந்த எடத்துலம்மா ரொம்பக் குறுகுது, பள்ளம் எந்தப் பக்கம், பாதையைக் கெழக்கால போட்டா அவங்களுக்கு வசதியா மேக்காலயா. முள்ளுக்காடு எந்தப் பக்கம், தெரியவில்லை. வளைவு எங்கே, தெரியவில்லை. நான்கு மாசமாகக் கண்ணை மூடினால் தெரிகிற ரோடு, அந்த லாரி, அந்த முள், எல்லாம் கோமளா சொல்லி நான் கட்டிக்கொண்டது.

"தெரியாதுங்க" என்றேன். "நான் அந்த ரோட்டுல போனதே இல்லீங்க."

நாச்சிமுத்து அண்ணன் இன்னும் உட்காரவில்லை. என்னைப் பார்க்காமல் செயல் அலுவலரைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார், "நடந்த ரோட்டை வேண்டாங்கறது, நடக்காத ரோட்டைக் கேக்கறது. நல்லா இருக்குது அம்மணி."

தங்கமணி தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள், சிமெண்டுத் தரையில் அது கிரீச்சிட்டது. அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது, தைத்த இடத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. இருபத்திரண்டு வருஷம் மலைக்கு நடந்திருக்கிறேன், வருஷத்துக்கு இரண்டு நாள், அந்த ரோட்டில் எந்தப் புளிய மரத்தில் எத்தனையாவது நம்பர் என்று சொல்வேன். என் வீட்டில் இருந்து மில் கேட்டுக்கு ஒன்றரை மைல்கூட இல்லை. என் வீட்டுக் கேட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நூற்றெட்டுச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன் தினமும், சொன்னது வீண் என்று சொல்ல மாட்டேன், அவள் திரும்பி வந்தாள் ஒவ்வொரு நாளும், ஆனால் சொல்லிக்கொண்டே கூட நடந்திருக்கலாம், நடந்துகொண்டே சொல்லித்தானே எனக்குப் பழக்கம். இது ஏன் நான்கு மாசமாகத் தோன்றவில்லை. அவள் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. என்னை ஒருத்தர் நட என்று சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், விசிறி தட்டுகிறது, எனக்குக் கால் உறுதியாகத்தான் இருக்கிறது.

"நீங்க சொல்றது சரிதானுங்கண்ணா" என்றேன். "நாளைக்கு மருமக கூட நடந்து போறேன். நீங்களும் வந்து ஒருவாட்டி பாருங்க. பார்த்துட்டு அப்பவும் பழனி ரோடுதான்னு நீங்க சொன்னா, அடுத்த கூட்டத்துல நானே எந்திரிச்சு வழிமொழியறேன்."

செயல் அலுவலர் எழுதுகிறவரைப் பார்த்து, தீர்மானம் மறு கணக்கெடுப்புக்குப் பிறகு எடுத்துக்கொள்ளப்படும் என்று போட்டுக்கோங்க என்றார், எழுதுகிறவர் எழுதினார், அந்தப் பெண் விளக்கை அணைத்தாள், சுவரில் இரண்டு ரோடும் இல்லாமல் போய் தர்ஷினி மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தது சாக்கடை என்றார்கள். கொஞ்சம் பேர் எழுந்து வெளியே போனார்கள், எங்கள் குழுவில் பாதிப் பேர் என்னைத் தாண்டிப் பேசாமல் போனார்கள், பேசாமல் போகிறவர்களைத் தடுக்க முடியாது, நாளை மறுநாள் பேசுவார்கள், பேசாவிட்டால் நான் போய்ப் பேசுவேன். நாச்சிமுத்து அண்ணன் துண்டை எடுத்து உதறி, மடித்து, மறுபடி பிரித்து, தோளில் போட்டுக்கொண்டு என் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பறா அந்தப் புள்ளை?"

"அஞ்சேகாலுக்குங்கண்ணா."

"இருட்டா இருக்குமே" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.